கார்க் தீவிலிருந்து ஷாண்டோங் வரை: ஈரானின் எண்ணெய் ஏற்றுமதியை வெளியிலிருந்து எண்ணுவது எப்படி

போன மாதம் ஈரான் எவ்வளவு எண்ணெய் ஏற்றுமதி செய்தது என்று ஐந்து இடத்தில் தேடினால் ஐந்து எண் கிடைக்கும். யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் துறைமுகத்தில் ஏறியதை எண்ணியிருப்பார், இன்னொருவர் ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டியதை, மூன்றாமவர் சீனத்தில் இறங்கியதை. நான்காமவர் எரிவாயுவோடு வரும் இலகு எண்ணெயான கன்டென்சேட்டையும் எரிஎண்ணெயையும் சேர்த்திருப்பார். ஐந்தாமவர் முதல் நால்வரில் ஒருவரைப் பார்த்து எழுதியிருப்பார். இந்த ஐந்தாமவரின் இடத்தில் நாம் போய் நின்றுவிடாமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி. இலவசமாகக் கிடைக்கும் தரவுகளை வைத்தே, ஒரு மாத ஏற்றுமதியைப் பொறுப்பான ஒரு வரம்புக்குள் கணக்கிட முடியும். பத்திரிகையாளர்களுக்கும், எரிசக்திச் சந்தையைக் கவனிப்பவர்களுக்கும், தடைச் சட்டங்களுக்கு உட்பட்டு நடக்க வேண்டிய வங்கி, காப்பீடு, கப்பல் நிறுவன ஊழியர்களுக்கும் இது பயன்படும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2018 மே 8 அன்று ஈரானுடனான அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியது. அதற்கு முந்தைய மாதங்களில் ஈரானின் ஏற்றுமதி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 லட்சம் பீப்பாய். அந்த ஆண்டு நவம்பர் 5 அன்று எண்ணெய்த் தடை மீண்டும் அமலானது. இந்தியா, சீனா உட்பட எட்டு வாங்குநர்களுக்குக் கொடுக்கப்பட்ட விலக்கு 2019 மே 2 அன்று முடிந்தது. அதன்பின் ஈரான் கச்சா எண்ணெய் ஏற்றுமதியை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. அதன் சுங்கத்துறை தருவது எண்ணெய் சாராத வணிகத்தின் கணக்கு மட்டும். 2024-க்கான பெரும்பாலான வெளி மதிப்பீடுகள் நாளுக்கு 15 லட்சம் பீப்பாயைச் சுற்றியும் அதற்குச் சற்று மேலும் நின்றன. 2025 செப்டம்பர் இறுதியில் ஐநா தடைகள் மீண்டும் உயிர்பெற்றன. ஐரோப்பிய ஒன்றியமும் இறக்குமதித் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது.

எதை எண்ணுகிறோம் என்று முதலில் எழுதிவையுங்கள்

கணக்குத் தாளின் முதல் வரியிலேயே மூன்று முடிவுகள் இருக்க வேண்டும். பொருள் எது: கச்சா எண்ணெய் மட்டுமா, சவுத் பார்ஸ் எரிவாயு வயலின் கன்டென்சேட்டும் சேர்த்தா, எரிஎண்ணெயும் உண்டா? எந்தப் புள்ளி: ஏற்றியதா, நீரிணையைத் தாண்டியதா, இறக்கியதா? எந்த நேரம்: எல்லாவற்றையும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள், ஈரான் நேரம் அதற்கு மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. மாதக் கடைசி இரவில் ஏற்றி முடித்த ஒரு பெரிய கப்பல், நேரக் குழப்பத்தால் மட்டுமே அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

ஈரானிய அதிகாரிகளின் பேச்சிலிருந்து எண் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்களுடைய ஆண்டு மார்ச் 20 அல்லது 21-இல் தொடங்குகிறது. 1403 என்று அவர்கள் சொல்வது 2024 மார்ச் 20 முதல் 2025 மார்ச் 20 வரை. அதை 2024-ஆம் ஆண்டுக் கணக்கோடு அப்படியே ஒப்பிட்டு, ஏற்றுமதி கூடியது குறைந்தது என்று எழுதப்பட்ட செய்திகள் ஏராளம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் தருகிறேன். விஎல்சிசி என்று அழைக்கப்படும் மிகப்பெரிய டேங்கர் ஒன்று சுமார் 20 லட்சம் பீப்பாய் கொள்ளும். நாளுக்கு 15 லட்சம் என்றால் 30 நாளில் 4.5 கோடி பீப்பாய், அதாவது ஏறக்குறைய 23 விஎல்சிசி. ஒரே ஒரு கப்பலைத் தவறவிட்டாலோ இரட்டித்து எண்ணினாலோ மாதச் சராசரி நாளுக்கு 67,000 பீப்பாய் நகரும். மூன்று கப்பல் தவறினால் இரண்டு லட்சம். ஆகவே இந்த வேலை முழுக்க, ஒவ்வொரு கப்பலையும் ஒரே ஒரு முறை எண்ணுவதில்தான் இருக்கிறது. சூயஸ்மேக்ஸ் வகைக்கு 10 லட்சம், அஃப்ராமேக்ஸுக்கு 6 முதல் 7.5 லட்சம் பீப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் அடையாளம்

பெயரை நம்பாதீர்கள். பெயரும் கொடியும் மாதத்துக்கு ஒரு முறைகூட மாறலாம். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் (ஐஎம்ஓ) எண் மட்டும் கப்பல் கட்டப்பட்டதிலிருந்து உடைக்கப்படும் வரை மாறாது. அது ஏழு இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக வர வேண்டும். கணக்கைக் காட்டுவதற்காக மட்டும் 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம்: 63 + 0 + 35 + 16 + 21 + 4 = 139. கடைசி இலக்கம் 9, சரி. கணக்குத் தாளில் இந்தச் சூத்திரத்தை ஒரு பத்தியில் போட்டுவைத்தால் தட்டச்சுப் பிழைகளும், கற்பனையாக எழுதப்பட்ட எண்களில் பெரும்பாலானவையும் உடனே சிக்கிவிடும்.

சூத்திரத்தைத் தாண்டும் மோசடியும் உண்டு. உடைக்கப்பட்டுவிட்ட ஒரு கப்பலின் உண்மையான எண்ணை வேறொரு கப்பல் எடுத்துக்கொள்ளும். இதைப் பிடிக்க ஈக்வேசிஸ் என்ற கப்பல் தகவல் தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்து, அந்த எண்ணின் நிலையைப் பாருங்கள். உடைக்கப்பட்டது என்று இருந்தால், கடலில் ஓடுவது வேறு கப்பல். ஐஎம்ஓ அமைப்பின் ஜிசிஸ் தரவுத்தளம் கொடி போலியா என்பதையும் காட்டும். ஒரு நாட்டின் கொடியைச் சொல்லிக்கொள்ளும் கப்பலை அந்த நாடு தன் பதிவேட்டில் இல்லை என்று மறுத்திருந்தால், அது அங்கே பதிவாகியிருக்கும்.

எம்எம்எஸ்ஐ என்ற ஒன்பது இலக்க எண் வானொலிக் கருவிக்கு உரியது. கொடி மாறினால் அதுவும் மாறும். முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும்: 422 ஈரான், 533 மலேசியா, 613 கேமரூன், 626 காபோன், 518 குக் தீவுகள். பனாமாவுக்கு 351 முதல் 357 வரையும் 370-இல் தொடங்கும் சிலவும். கப்பல் சொல்லும் கொடியும் இந்த மூன்று இலக்கமும் பொருந்தவில்லையென்றால் அந்த வரிக்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிடுங்கள்.

ஏற்றும் இடங்களும் செயற்கைக்கோள் படமும்

ஈரானின் கச்சா எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் கார்க் தீவு வழியாகப் போகிறது. புஷேர் மாகாணக் கரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, 29.2 வடக்கு, 50.3 கிழக்கில் இருக்கிறது அந்தத் தீவு. கிழக்குப் பக்கம் டி வடிவத் துறைமேடை. மேற்குப் பக்கம் ஆழ்கடலில் தனியாக நிற்கும் மேடை. மிகப்பெரிய கப்பல்கள் மேற்குப் பக்கம்தான் வரும். சிறு அளவில் லாவன், சிர்ரி தீவுகள். கன்டென்சேட், எல்பிஜி இரண்டுக்கும் அசலூயே. ஹோர்முஸுக்கு வெளியே ஓமன் வளைகுடாவில் ஜாஸ்க். கோரேயிலிருந்து அங்கே வரும் 1,000 கிலோமீட்டர் குழாய் 2021 ஜூலையில் திறக்கப்பட்டது, ஆனால் கார்க்கின் இடத்தை அது பிடிக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கைக்கோள் படங்களைத் தரும் கோப்பர்னிக்கஸ் உலாவியில் ஓர் இலவசக் கணக்கு தொடங்கி, கார்க்கைச் சுற்றி 40 கிலோமீட்டர் கட்டம் ஒன்றைச் சேமித்து வையுங்கள். இரண்டு வகைப் படம் வேண்டும்.

சென்டினல்-2 கண்ணால் பார்ப்பது போன்ற வண்ணப்படம். ஒரு புள்ளி 10 மீட்டர். விஎல்சிசி சுமார் 330 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கொண்டது; படத்தில் 33 புள்ளி நீளமும் 6 புள்ளி அகலமுமாகத் தெரியும். சூயஸ்மேக்ஸ் 275 மீட்டர், அஃப்ராமேக்ஸ் 245 மீட்டர் அளவில். இந்த மூன்றையும் நீளத்தை வைத்தே பிரித்துவிடலாம். படம் கார்க் மேல் யுடிசி நேரப்படி காலை 7 மணி அளவில் எடுக்கப்படும். தூசிப்புயலும், கோடையில் கடல்மேல் சூரியன் பளபளக்கும் ஒளியும் சில நாள் படத்தைக் கெடுத்துவிடும்.

இதைவிடப் பெரிய குறை இடைவெளி. ஒரே இடத்துக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை படம்; கப்பல் ஏற்றி முடிப்பதோ ஒன்றிரண்டு நாளில். வண்ணப்படத்தை மட்டும் நம்பினால் பாதிக்கு மேல் தவறிவிடும். அதனால் சென்டினல்-1 ராடார் படமும் கட்டாயம். இரவு, மேகம், தூசி எதுவும் அதற்குத் தடையில்லை. உலோகம் கடலின் கருமையில் வெள்ளையாக எரியும். ஆனால் மேடையும் உலோகம், கப்பலும் உலோகம். இரண்டும் ஒட்டி ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். இதற்கு ஒரு வழி: மேடை காலியாக இருக்கும் நாளின் ராடார் படம் ஒன்றை முன்மாதிரியாக எடுத்துவைத்து, ஒவ்வொரு புதிய படத்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராடாரில் நீளத்தை அளந்தால் 20, 30 மீட்டர் பிழை சகஜம். சூயஸ்மேக்ஸா அஃப்ராமேக்ஸா என்று ராடாரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் அதன் நீர்த்தடத்திலிருந்து விலகித் தெரிவதும் ராடாரின் இயல்புதான், பிழையல்ல.

தாளில் ஒரு படத்துக்கு ஒரு வரி என்று எழுதாதீர்கள். ஒரு கப்பல் வருகைக்கு ஒரு வரி. முதலில் பார்த்த நேரம், கடைசியாகப் பார்த்த நேரம், மேடை, நீளம், மேல்தளத்தின் நிறம், கப்பல் நோக்கிய திசை. இரண்டு நாள் இடைவெளியில் அதே மேடையில் அதே நீளத்தில் ஒரு கப்பல் தெரிந்தால் அது அதுவேயா, புதியதா? மேல்தளம் சிவப்பா பச்சையா, முகப்பு எந்தப் பக்கம் என்பவைதான் பெரும்பாலும் தீர்த்துவைக்கும். தீராவிட்டால் “ஐயம்” என்று குறித்து, குறைந்த மதிப்பீட்டில் விட்டுவிட்டு உயர்ந்த மதிப்பீட்டில் மட்டும் சேருங்கள். தீவின் கிழக்கே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களை ஏற்றியவையாக எண்ணுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

கார்க்கின் சேமிப்புத் தொட்டிகளையும் அளக்கலாம் என்று சிலர் முயல்வார்கள். மிதக்கும் கூரை கொண்ட தொட்டியில் எண்ணெய் இறங்கினால் கூரையும் இறங்கும்; உட்சுவர் கூரைமேல் போடும் நிழலின் நீளத்தை, தொட்டி வெளியே தரையில் போடும் நிழலின் நீளத்தால் வகுத்தால் காலி இடத்தின் பங்கு வரும். கணக்கு எளிது, சரியும்கூட. ஆனால் 10 மீட்டர் புள்ளியில் அந்த நிழலே ஒன்றிரண்டு புள்ளிதான். கட்டணப் படம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

ட்ராஃப்டிலிருந்து சரக்கு

கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் ட்ராஃப்ட். கப்பல் தன் இடத்தையும் விவரங்களையும் வானொலியில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியின் செய்தியில் அது வரும். காலியான விஎல்சிசி 10 மீட்டர் அளவிலும், முழுச் சுமையோடு 20 மீட்டருக்கு மேலும் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் இறக்கத்துக்கு எத்தனை டன் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். விஎல்சிசிக்கு 165 முதல் 172 வரை வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 10 மீட்டரிலிருந்து 20.5 மீட்டருக்கு இறங்கினால் 1,050 சென்டிமீட்டர். அதை 168 ஆல் பெருக்கினால் 1,76,400 டன். இதையே சரக்கு என்று எழுதிவிடுவார்கள். தவறு. காலியாக வந்த கப்பல் நிலைத்து நிற்க பல்லாஸ்ட் தொட்டிகளில் கடல்நீர் ஏற்றி வந்திருக்கும். எண்ணெய் ஏற ஏற அதை வெளியேற்றியிருக்கும். விஎல்சிசிக்கு அது 90,000 டன் அளவில் இருக்கும். அதையும் கூட்டினால் 2,66,400 டன். பீப்பாயாக மாற்ற 7.3 ஆல் பெருக்கினால் 19.4 லட்சம். பல்லாஸ்ட்டை மறந்தவருக்கு வரும் 12.9 லட்சம், மூன்றில் ஒரு பங்கு குறைவு.

அந்த 7.3-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். எண்ணெய் எவ்வளவு இலகுவானது என்று சொல்லும் ஏபிஐ எண் தெரிந்தால் ஒப்படர்த்தி = 141.5 ÷ (131.5 + ஏபிஐ), 6.29 ஐ அந்த ஒப்படர்த்தியால் வகுத்தால் ஒரு டன்னுக்கான பீப்பாய். ஏபிஐ 33 அளவிலுள்ள ஈரானியன் லைட் கச்சா வகைக்கு 7.31, 30 அளவிலுள்ள ஹெவிக்கு 7.18. கன்டென்சேட் 8.3-ஐ ஒட்டி வரும். எல்பிஜிக்கு 11.6 வரை போகும். அதைக் கச்சா எண்ணெயின் காரணியால் பெருக்கியவர்களின் கணக்கு எங்கேயும் பொருந்தாது.

ட்ராஃப்ட் தானாக அளக்கப்பட்டு வருவதல்ல, கப்பலில் ஒருவர் கையால் இடும் எண். மாற்ற மறப்பதும் உண்டு, மாற்றாமல் விடுவதும் உண்டு. அதனால் இது சான்றின் ஒரு பகுதி, முழுச் சான்று அல்ல.

ஏஐஎஸ் மௌனமும் பொய்யும்

சர்வதேசப் பயணம் போகும் 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏஐஎஸ் வைத்திருக்க வேண்டும் என்பது கடற்பயணப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் விதி. ஓடும்போது 2 முதல் 10 வினாடிக்கு ஒரு முறை இடத்தைச் சொல்லும், நங்கூரத்தில் 3 நிமிடத்துக்கு ஒரு முறை. பெயர், ட்ராஃப்ட் போன்றவை 6 நிமிடத்துக்கு ஒரு முறை.

சமிக்ஞை இல்லையென்றால் உடனே “அணைத்துவிட்டார்கள்” என்று எழுதக் கூடாது. கரை ஏற்பிகள் 40 கடல் மைல் வரைதான் கேட்கும். இலவசத் தளங்களில் செயற்கைக்கோள் ஏற்பு பெரும்பாலும் கிடைக்காது. அதே நேரத்தில் அதே இடத்தில் மற்றக் கப்பல்கள் தெரிந்தனவா என்று பாருங்கள். அவையும் மறைந்திருந்தால் ஏற்பியின் குறை. இது ஒன்று மட்டும் மறைந்து, 12 நாள் கழித்து அதே பகுதியில் 9 மீட்டர் கூடுதல் ட்ராஃப்டோடு தோன்றினால் விஷயம் வேறு. 2025 ஜூனில் இஸ்ரேல்-ஈரான் போர் நடந்த நாட்களில் வளைகுடாவில் நூற்றுக்கணக்கான கப்பல்களின் இடக்குறிப்பு குலைந்தது. அந்த நாட்களின் தாறுமாறான தடங்களைக் கப்பல்களின் தந்திரமாக எழுதுவது அநியாயம்.

பொய் இடம் காட்டுவது மௌனத்தைவிடச் சிக்கலானது. கப்பல் கார்க்கில் ஏற்றிக்கொண்டிருக்கும், ஏஐஎஸ்ஸில் ஈராக்குக்கோ ஓமனுக்கோ வெளியே நங்கூரமிட்டு நிற்பதாகத் தெரியும். நான்கு சோதனைகள் போதும். அடுத்தடுத்த இரு இடங்களுக்கு நடுவே தூரத்தை நேரத்தால் வகுங்கள். 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்தில் எந்த டேங்கரும் ஓடாது. நங்கூரத்தில் நிற்கும் உண்மைக் கப்பல் அலையேற்றத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப நாளுக்கு நாலு முறை முகம் திருப்பும். பக்கத்துக் கப்பல்கள் எல்லாம் திரும்பும்போது இது மட்டும் ஒரே திசையில் உறைந்து நின்றால் ஐயப்படுங்கள். தடத்தின் வடிவம் வட்டமாகவோ ஒரே பெட்டிக்குள் சிதறிய புள்ளிகளாகவோ இருந்தால் அது கருவி வரைந்த கோலம். நான்காவதுதான் தீர்ப்பு: அந்த நிமிடத்துக்கு நெருங்கிய ராடார் படத்தில் அந்த இடத்தில் 330 மீட்டர் உலோகம் இருக்கிறதா? வளைகுடாவின் மேல் சென்டினல்-1 யுடிசி நேரப்படி அதிகாலை 2.40 அல்லது பிற்பகல் 2.40 வாக்கில் கடக்கும். கடல் கருமையாகக் கிடந்தால் கப்பல் அங்கே இல்லை.

மலேசியாவுக்குக் கிழக்கே

கார்க்கிலிருந்து சிங்கப்பூர் நீரிணை சுமார் 3,800 கடல் மைல். 12 நாட் வேகத்தில் 13 நாள். அங்கிருந்து ஜோகூருக்குக் கிழக்கே துறைமுக எல்லைக்கு வெளியேயுள்ள நங்கூரப் பரப்பில்தான் கப்பலுக்குக் கப்பல் சரக்கு மாறுவது பெரும்பாலும் நடக்கிறது. ஈரானின் தேசிய டேங்கர் நிறுவனக் கப்பல் கொண்டுவந்ததை வேறு கொடியுள்ள கப்பல் வாங்கிக்கொள்ளும். படத்தில் இரண்டு நீளக் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி, இணையாக நிற்கும். நடுவே ரப்பர் தடுப்புகளின் அளவுக்கு மட்டும் இடைவெளி. ஒரு நாளோ ஒன்றரை நாளோ அப்படியே இருக்கும். இருவர் ட்ராஃப்டும் எதிரெதிராக மாறும்: ஒன்று எழும், மற்றொன்று இறங்கும்.

ஏற்றியதை எண்ணும் கணக்கில் இந்த இரண்டாவது கப்பலைச் சேர்க்கவே கூடாது. தாளில் “தாய் வரி” என்று ஒரு பத்தி வையுங்கள். வாங்கிய கப்பலின் வரியில் கொடுத்த கப்பலின் வரி எண்ணை எழுதுங்கள். சரக்கு இரண்டு கப்பலாகப் பிரிந்தால் இரண்டுக்கும் அதே தாய் எண். மாதக் கூட்டலில் தாய் எண் காலியாக உள்ள வரிகள் மட்டும் கூடும். இரட்டை எண்ணிக்கையை ஒழிக்க இதைவிட எளிய வழி இல்லை.

பக்கத்தில் நின்றது என்பதே சரக்கு மாறியதற்குச் சான்றல்ல. எரிபொருள் நிரப்பும் சிறு கப்பலும் பக்கத்தில்தான் வந்து நிற்கும். நீளம் 100 மீட்டருக்குக் குறைந்த ஒன்று நாலைந்து மணி நேரம் ஒட்டி நின்றால் அது பெரும்பாலும் அதுதான்.

இறங்கும் இடத்தில் சரிபார்ப்பு

சிங்கப்பூரிலிருந்து சீனத்தின் சிங்டாவ் துறைமுகம் சுமார் 2,500 கடல் மைல், 9 நாள். ஷாண்டோங் மாகாணத்தின் தனியார் சுத்திகரிப்பாலைகள்தான் முதன்மை வாங்குநர்கள். துறையில் அவற்றைத் தேநீர்க்கெண்டி ஆலைகள் என்பார்கள். 2025 மார்ச்சில் லூச்சிங் என்ற ஆலையை அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் மேலும் இரண்டு.

சீனச் சுங்கத்துறை மாதந்தோறும் நாடுவாரியாகக் கச்சா எண்ணெய் இறக்குமதியை வெளியிடும். குறியீடு 2709. ஈரான் என்ற வரியில் பல ஆண்டாகப் பூஜ்யம்தான். பார்க்க வேண்டிய வரி மலேசியா. மலேசியாவின் சொந்த உற்பத்தி நாளுக்கு 5, 6 லட்சம் பீப்பாய். அதில் ஒரு பகுதியை அந்நாடே பயன்படுத்துகிறது. 2024-இல் சீனம் மலேசியாவிலிருந்து வாங்கியதாகப் பதிவானதோ 7 கோடி டன் அளவில். 7.3 ஆல் பெருக்கி 366 ஆல் வகுத்தால் நாளுக்கு 14 லட்சம் பீப்பாய். உற்பத்தியைவிட இரு மடங்குக்கு மேல் ஏற்றுமதி செய்ய எந்த நாட்டாலும் முடியாது. அந்த மிச்சம்தான் பெயர் மாறிய எண்ணெய்.

ஆனால் மிச்சம் முழுவதும் ஈரானுடையதும் அல்ல. வெனிசுவேலா எண்ணெயும் இதே கடற்பரப்பில்தான் கை மாறியது. ஓமன், ஐக்கிய அமீரகம், ஈராக் பெயர்களிலும் ஈரான் எண்ணெய் போகும். ஈராக் எண்ணெயாகக் கலந்து விற்ற ஒரு வலையமைப்பின் மீது 2025 ஜூலையில் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. பிட்டுமன் (தார்) கலவை என்ற பெயரில் 2715 குறியீட்டிலும் கச்சா எண்ணெய் நுழைவதுண்டு. ஆகவே சுங்கக் கணக்கை உச்சவரம்பாக வையுங்கள், விடையாக அல்ல.

உற்பத்திப் பக்கத்திலிருந்தும் ஒரு கை பார்க்கலாம். ஒபெக் மாத அறிக்கையில் இரண்டாம்நிலை ஆதாரங்களின்படி ஈரானின் கச்சா உற்பத்தி வரும். 2024-இல் அது நாளுக்கு 32, 33 லட்சம் பீப்பாய். உள்நாட்டு ஆலைகள் உறிஞ்சியதையும் சேமிப்பில் ஏறியதையும் கழித்தால் ஏற்றுமதி வர வேண்டும். இதில் பந்தர் அப்பாஸிலுள்ள பெர்சியன் கல்ஃப் ஸ்டார் ஆலையின் கொள்ளளவைக் கழித்துவிடாதீர்கள். அது கன்டென்சேட்டில் ஓடுவது. ஒபெக்கின் கச்சா எண்ணில் கன்டென்சேட் சேராது.

எரிவாயு வேறு கதை

எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் அனுப்பும் எல்என்ஜி ஏற்றுமதி ஆலை ஈரானிடம் இல்லை. டோம்பக்கில் தொடங்கியது முடியவில்லை. எனவே இயற்கை எரிவாயு குழாயில் மட்டும்தான் போகிறது, அதைக் கப்பலில் தேடிப் பயனில்லை. வாங்கும் நாட்டின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். துருக்கிக்கு 2001 டிசம்பரிலிருந்து தப்ரீஸ் வழியாக, ஆண்டுக்கு 1,000 கோடி கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒப்பந்தம்; துருக்கியின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு மாதம்தோறும் நாடுவாரியாக வெளியிடுகிறது. ஈராக்குக்குப் பாக்தாத் நோக்கி 2017-லும் பஸ்ரா நோக்கி 2018-லும் தொடங்கிய குழாய்கள். 2024 மார்ச்சில் நாளுக்கு 5 கோடி கன மீட்டர் வரை என்று ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆர்மேனியாவோ பணம் தருவதில்லை. ஒரு கன மீட்டருக்கு 3 யூனிட் மின்சாரம் திருப்பித் தருகிறது. அங்கே மின் ஏற்றுமதிக் கணக்கை மூன்றால் வகுத்தே எரிவாயுவைச் சரிபார்க்கலாம்.

ஒப்பந்த அளவை ஏற்றுமதி என்று எழுதாதீர்கள். குளிர்காலத்தில் ஈரானுக்கே போதவில்லை; 2022 ஜனவரியில் துருக்கிக்கான வரத்து நின்றதே உதாரணம். கன மீட்டர் எந்த வெப்பநிலையில் என்றும் பாருங்கள்: 15 பாகையில் அளந்ததற்கும் 20 பாகையில் அளந்ததற்கும் 1.7 சதவீதம் வேறுபாடு, 0 பாகைக்கும் 15-க்கும் 5.5 சதவீதம்.

தடைப்பட்டியலில் தேடும்போது

அமெரிக்க நிதித்துறையின் தேடல் பக்கத்தில் பெயரைப் போடாமல் ஐஎம்ஓ எண்ணைப் போடுங்கள். எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டது என்பதைத் தாளில் எழுதுங்கள். சரக்கு ஏறிய தேதி அதற்கு முன்னா பின்னா என்பது சட்டப்படி பெரிய வேறுபாடு. கப்பல் பட்டியலில் இல்லாவிட்டாலும், பட்டியலிலுள்ளவர் 50 சதவீதமோ அதற்கு மேலோ உடைய நிறுவனத்தின் சொத்தாக இருந்தால் தடை பொருந்தும். ஐரோப்பிய, பிரிட்டிஷ், ஐநா பட்டியல்கள் தனித்தனி. ஒன்றில் தேடிவிட்டு “தடையில்லை” என்று முடிக்க முடியாது.

கப்பலின் பெயரை வெளியிடும் முன் குறைந்தது இரண்டு தனித்தனிச் சான்று வேண்டும்: ஒரு படமும், அதைச் சாராத ஒரு தடமோ ட்ராஃப்ட் மாற்றமோ. அந்தக் கப்பலில் வேலை பார்க்கும் மாலுமிகளுக்குச் சரக்கு எதுவென்று பல நேரம் சொல்லப்படுவதே இல்லை. தவறான ஒரு பெயரால் அவர்கள் சம்பளமும் அடுத்த வேலையும் போகும்.

மாதக் கணக்கை மூடுவது

மூன்று எண் எழுதுங்கள்: இரு சான்றுள்ளவை மட்டும், அதோடு ஒரு சான்றுள்ளவையும், அதோடு ஐயமானவையும். முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நாளுக்கு மூன்று லட்சம் பீப்பாய்க்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த மாதத்தை இன்னும் வெளியிடாதீர்கள். ஏறிய தேதியிலிருந்து இறங்கும் தேதி வரை நேராகப் போனால் 22 நாள், கை மாறிக் காத்திருந்தால் இரண்டு மாதம்கூட ஆகும். அதனால் ஒவ்வொரு மாதத் தாளையும் 90 நாள் திறந்து வையுங்கள். தாமதமாகத் தோன்றும் கப்பலைத் தோன்றிய மாதத்தில் எழுதாமல், பின்னோக்கிப் போய் ஏறிய மாதத்தில் எழுதி, திருத்திய தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். 90 நாள் கழித்தும் இறங்கியது தெரியாத சரக்குகளைத் தனி வரியில் “கடலில் சேமிப்பு” என்று கொண்டுபோங்கள். அவை இறங்கும் மாதத்தில் சீனச் சுங்க எண் திடீரென்று ஏறும்போது, கார்க்கில் ஏற்றம் கூடவில்லை என்று உங்களால் காட்ட முடியும்.